மெம்ப்ரேன் வச்சு நேச்சுரல் கேஸ்ல சிஓ2 பிரிக்கிறது எப்படி

கிணத்துல இருந்து வர்ற கேஸ்ல சிஓ2 (கார்பன் டைஆக்சைடு) இருந்தா எரியிற சூடு கம்மியாகும், தண்ணியும் சேர்ந்துச்சுன்னா பைப்பையே அரிச்சிடும், அதனால பைப்லைன்காரங்க பெரும்பாலும் 2-3 சதவீதத்துக்குள்ள கொண்டு வரச் சொல்லுவாங்க. அமீன்ங்கிற கெமிக்கல் கரைசல்ல சிஓ2-வை உறிஞ்சுற அமீன் பிளான்ட் இன்னும் சுத்தமா எடுக்கும்தான், ஆனா கெமிக்கல், பம்ப், சூடுபண்ற செலவுன்னு இழுத்துக்கிட்டே போகும். கடல் பிளாட்ஃபார்ம் மாதிரி இடம் கம்மியான எடத்துல மெம்ப்ரேன்தான், அதாவது கேஸைப் பிரிக்கிற மெல்லிசான சவ்வுதான் லேசு.

செல்லுலோஸ் அசிடேட் மாதிரி பாலிமருக்குள்ள சிஓ2 கரைஞ்சு ஊடுருவி அந்தப் பக்கம் வெளிய வருது, தண்ணி ஆவியும் ஹெச்2எஸ்ஸும் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) கூடவே போயிடும், மீத்தேன் ரொம்ப மெதுவா போறதால பெரும்பகுதி இந்தப் பக்கமே பிரஷரோட நிக்கும்.

முதல்ல பிரஷர் கணக்கைப் போடுங்க. கேஸ் 60 பார்ல வருது, கடைசியா 2 சதவீதம் சிஓ2 மிஞ்சணும்னா அங்க சிஓ2-ஓட பங்கு 1.2 பார்தான். பெர்மியேட் பக்கம், அதாவது ஊடுருவி வெளிய வர்ற கேஸ் பக்கம், 2 பார் வச்சா, அங்கயும் சிஓ2-ஓட பங்கு 1.2 பாரைத் தாண்ட முடியாது, அதனால அந்த முனையில ஊடுருவுறதுல சிஓ2 60 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது, எவ்வளவு ஒசத்தி மெம்ப்ரேன் வாங்கினாலும் சரி, மிச்சம் மீத்தேன்தான் போகும்! 3 பார்னா 40 சதவீதம். மீத்தேன் நஷ்டம் தாங்காதுன்னா பெர்மியேட்டை கம்ப்ரஸ் பண்ணி ரெண்டாவது ஸ்டேஜ்ல விடுங்க, கம்ப்ரஸர் செலவையும் சேர்த்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ப்ரீட்ரீட்மென்ட். பெரும்பாலும் மெம்ப்ரேன் கெட்டுப்போறது கம்ப்ரஸர் ஆயில், கனமான ஹைட்ரோகார்பன், தூசியாலதான். அதனால திரவத் துளிகளைச் சேத்துப் பிடிக்கிற கோலெஸிங் ஃபில்டர், அப்புறம் கனமான ஹைட்ரோகார்பனை உறிஞ்சுற கார்பன் பெட், அதுல இருந்து வர்ற தூளைப் பிடிக்க இன்னொரு ஃபில்டர், கடைசியா ஹீட்டர். ஹீட்டரை நிறைய பேர் உள்ள வர்ற கேஸோட ட்யூ பாயின்ட்டை (கேஸ் குளிர்ந்து திரவம் கட்ட ஆரம்பிக்கிற வெப்பநிலை) வச்சு செட் பண்றாங்க, அது தப்பு. சிஓ2 போகப்போக மிச்ச கேஸ்ல கனமானதோட பங்கு ஏறும், கேஸும் குளிரும், உள்ளயே திரவம் கட்டிடும். வெளிய போற கேஸோட ட்யூ பாயின்ட்டுக்கு மேல தாராளமா மார்ஜின் வைங்க.

பாகிஸ்தான்ல காதிர்பூர் பிளான்ட் இதுக்கு நல்ல உதாரணம். 1995-ல ஓட ஆரம்பிச்சது, 6.5 சதவீத சிஓ2-வை 2-க்குக் கீழ இறக்குற டிசைன், அதே மெம்ப்ரேன் தண்ணியையும் சேத்தே எடுத்துடுது. அங்கயும் மெம்ப்ரேனுக்கு முன்னாடி கனமான ஹைட்ரோகார்பனைப் பிடிக்க அட்சார்ப்ஷன் பெட் போட்டிருக்காங்க.

ஸ்டார்ட் பண்றப்ப பிரஷரை மெதுவா ஏத்துங்க, நிறுத்துறப்பவும் அவசரப்படாதீங்க. பெர்மியேட் பக்கம் பிரஷர் மேல போயிட்டா ஸ்பைரல் எலிமென்ட்ல (மெம்ப்ரேன் ஷீட்டை ஒட்டிச் சுருட்டின உருளை) ஒட்டின இடமே பிஞ்சுடும், அதனால அந்த லைன்ல ரிலீஃப் வால்வ் கட்டாயம் இருக்கணும்.