ஆயா கொடுத்த விளக்கு: பிரவுசரில் ஓடும் சாகச விளையாட்டை நீங்களே செய்வது எப்படி

முதலில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தில் ஒருவருக்கு ஒரு சிக்கல் வரட்டும். சின்ன சாகச விளையாட்டுக்கு இது போதும்.

2004-ல் ஜப்பானைச் சேர்ந்த தொஷிமிட்சு தகாகி செய்த 'கிரிம்சன் ரூம்' ஒரு சிவப்பு அறை, பூட்டிய கதவு, அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டு யாக்குப் ட்வோர்ஸ்கி என்ற செக் மாணவர் பட்டப்படிப்புக்காகச் செய்த 'சமோரோஸ்ட்' ஒரு விநோத உலகம். மவுஸால் ஒன்றைத் தொட்டால் அது நகரும், திறக்கும், ஓடும். இவற்றை நான் காட்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் விளையாடினேன். எதையும் இன்ஸ்டால் பண்ணக்கூடாது என்பது அங்கே சட்டம். முகவரி அடித்தவுடன் திறக்கிற விளையாட்டுதான் எங்களுக்கு வாய்த்தது. எந்த மூலையைத் தொட்டாலும், நாம் அங்கே கை வைப்போம் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருப்பது தெரியும். நான் மயங்கியது அந்தக் கவனிப்பில்தான்.

இடம் சிறியதாக இருக்கட்டும். வேலூர்க் கோட்டை முழுவதையும் எடுத்தால் 1806 ஜூலைப் புரட்சி வரும், திப்புவின் குடும்பம் வரும், சிறைப்பட்டிருந்த கண்டியின் கடைசி அரசர் வருவார். பாடப்புத்தகம் ஆகிவிடும். நான் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை மட்டும் எடுத்தேன், அதுவும் 1981-க்கு முன்னால். அப்போது கருவறையில் சாமி கிடையாது. லிங்கம் பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்தது. 'சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு' என்று ஊரைச் சொன்ன காலம். ஆயா கொடுத்தனுப்பிய எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு சிறுமி உள்ளே வருகிறாள். விளக்கை எங்கே வைப்பாள்?

நோட்டோடு அந்த இடத்துக்கு நேரில் போங்கள். மே மாதமென்றால் விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கல்லில் கால் வைக்க முடியாது. அழகை எழுதாமல், கை வைக்கக்கூடியதை எழுதுங்கள்: கல்யாண மண்டபத் தூணில் பாயும் குதிரை, யாளியின் வாய், அகழிப் பக்கமிருந்து வரும் காற்று. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்திலிருந்து எதற்குப் போகலாம் என்று கோடு இழுங்கள். ஏழெட்டுக் கட்டம் தாராளம்.

இனி கணினி. ட்வைன் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே திறக்கும். புதுக் கதை தொடங்கி, முதல் பெட்டியில் தமிழிலேயே எழுதுங்கள். போகவேண்டிய வழியை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்: [[மண்டபத்துக்குள் நுழை]]. அந்தப் பெயரில் அடுத்த பெட்டி தானாக முளைக்கும், கோடும் விழும். தாளில் வரைந்தது திரையில் அப்படியே வந்துவிடும். ஒன்றை மறக்கவேண்டாம்: எழுதியது அந்த பிரவுசருக்குள்தான் சேமிக்கப்படுகிறது. அதன் தரவைத் துடைத்தால் கதையும் போய்விடும். எழுந்திருக்கும்போதெல்லாம் ஒரு பிரதியை இறக்கி வையுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது தவறான முயற்சிகளுக்கு. சரியான வழியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். திறந்த வெளியில் அவள் விளக்கேற்றப் பார்த்தால் 'இங்கே முடியாது' என்று எழுதாதீர்கள். 'அகழிக் காற்று அணைத்துவிட்டது. குடியாத்தம் தீப்பெட்டியில் குச்சி குறைந்துகொண்டே வருகிறது' என்று எழுதுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிடும், தூணின் மறைவைத் தேடுவார். குச்சி தீர்ந்தாலும் ஆட்டத்தை முடிக்காதீர்கள். வாசல் காவல்காரர் பீடி நெருப்பைத் தரட்டும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு: "இன்னாம்மா, சாமியே இல்லாத எடத்துக்கு வெளக்கு எதுக்கு?" அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் ஆடுபவரே தேர்ந்தெடுக்கட்டும். யாளியின் வாய்க்குள் கை விட்டால்? கதைக்குத் தேவையில்லைதான். ஆனால் கட்டாயம் ஒருவர் விடுவார். அவருக்காக இரண்டு வரி எழுதி வையுங்கள். நல்ல விளையாட்டு என்று நான் சொல்வது இந்த இரண்டு வரியை வைத்துத்தான்.

முடிந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கையில் போனைக் கொடுத்து ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக்கூடாது. விரல் எங்கே தயங்குகிறதோ அந்தப் பெட்டியைத் திருத்துங்கள். தமிழ் எழுத்து போன் திரையில் பொடியாகத் தெரிந்தால் அளவைக் கூட்டுங்கள்.

ட்வைன் கடைசியில், பிரவுசரில் நேராகத் திறக்கும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பைத் தரும். படங்கள் சேர்த்தால் அவை தனிக் கோப்புகளாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து நாலு இடத்தில் காப்பி எடுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கால பிரவுசர் விளையாட்டுகளை ஓடவைத்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுத்தியதும், நான் ஆடி வளர்ந்த விளையாட்டுகள் பிரவுசரில் திறக்காமல் போயின. ரஃபிள் என்ற மென்பொருளைச் சிலர் பொறுமையாக எழுதியதால்தான் அவற்றில் பல மறுபடி ஓடுகின்றன.

வெளியிட இட்ச்.ஐஓ தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, கோப்பை ஏற்றி, 'பிரவுசரில் ஆடலாம்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். பெயரையும் விவரத்தையும் தமிழிலேயே எழுதுங்கள், தேடுகிறவர்கள் கண்ணில் படும். யாராவது பிழை சொன்னால் திருத்திய கோப்பை அதே பக்கத்தில் ஏற்றினால் போதும். அடுத்து திறப்பவருக்குப் புதியதே வரும், அவர் எதையும் இறக்க வேண்டியதில்லை.