அமெரிக்கா செல்லும் பிள்ளைக்கு மனநோய் இருந்தால்: மருத்துவக் காப்புறுதிச் செலவைக் கணக்கிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மனச்சோர்வுக்கோ பைபோலார் நோய்க்கோ மனச்சிதைவுக்கோ சிகிச்சை பெறும் குடிமகன் ஒருவர் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டும் நிபுணர் கிளினிக்கில் ஐந்து ரிங்கிட்டும் கட்டுகிறார். மருந்தும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதே நோயாளி உபகாரச் சம்பளத்திலோ வேலை விசாவிலோ அமெரிக்கா சென்றால், அதே மருந்துக்கும் அதே ஆலோசனைக்கும் ஆகும் செலவு அவர் கையில் வைத்திருக்கும் காப்புறுதித் திட்டத்தைப் பொறுத்தே அமையும். விமானச் சீட்டுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் சேர்த்துவைக்கும் பெற்றோர் பலர் இந்தச் செலவைக் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள். பயணத்துக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு இது.

கணக்கைத் தொடங்குமுன் ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே தனியார் நிறுவனங்கள் விற்கும் மெடிக்கல் கார்டு எனும் மருத்துவக் காப்புறுதிகளில் மனநோய் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதனால், அமெரிக்காவிலும் நோயைச் சொன்னால் காப்புறுதி கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏற்றிவிடுவார்கள் என்று நம்மவர்கள் முடிவுகட்டி நோயை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைப்பது நமக்குப் பழகிப்போனதும்கூட. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இயங்கிவந்தும், அந்த ஊரின் பெயரையே ஏச்சாக வீசும் வழக்கம் இன்னும் நம்மிடம் ஒழியவில்லை, இது வேதனைக்குரியது. ஆனால் அமெரிக்கச் சட்டம் வேறு விதமாக அமைந்துள்ளது. 2008ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டப்படி, மனநோய்க்குப் பாதுகாப்பு தரும் திட்டம் உடல்நோய்க்கு விதிப்பதைவிடக் கடுமையான கட்டணத்தையோ வரம்பையோ மனநோய்க்கு விதிக்கக் கூடாது. 2010இல் நிறைவேறி, 2014 ஜனவரி முதல் இவ்வகையில் முழுமையாக நடைமுறைக்கு வந்த மருத்துவக் காப்புறுதிச் சட்டம், தனிநபர் திட்டங்களும் சிறு நிறுவனத் திட்டங்களும் மனநலச் சிகிச்சையைக் கட்டாயம் உள்ளடக்க வேண்டும் என்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்கவோ கூடுதல் பணம் கேட்கவோ தடை விதிக்கிறது. இத்திட்டங்களின் விலை வயது, வசிக்கும் இடம், புகையிலைப் பழக்கம், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே மாறும்; நோயை வைத்து மாறாது. எனவே மறைப்பதால் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. செலவு ஏறுவது, மாதாமாதம் கட்டும் பிரீமியத்துக்கு அப்பால், தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் உள்விதிகளில்தான்.

ஆகையால் முதல் வேலை, உங்கள் கையில் இருக்கும் திட்டம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பயணக் காப்புறுதியும் குறுகிய காலத் திட்டங்களும் இதற்குள் வருவதில்லை. அவை பழைய நோய்களை விலக்கலாம், மனநலச் சிகிச்சையை அடியோடு விட்டுவிடவும் செய்யலாம். ஜே-1 பரிமாற்ற விசாவில் செல்பவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் குறைந்தபட்ச அளவு ஒன்றை வகுத்திருக்கிறது: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 100,000 டாலர் பாதுகாப்பு, நோயாளியை நாடு திருப்பியனுப்ப 50,000 டாலர், இறந்தவர் உடலை அனுப்ப 25,000 டாலர். இந்த எண்களைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அந்த அளவைப் பூர்த்தி செய்யும் திட்டம், பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்க விதியே இடம் தருகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்குக் கூட்டரசு அளவில் காப்புறுதிக் கட்டாயம் இல்லை, பல்கலைக்கழகங்கள்தாம் கட்டாயப்படுத்துகின்றன.

பல்கலைக்கழகத் திட்டத்திலும் இரு வகை உண்டு. காப்புறுதி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கித் தரும் திட்டம் மேற்சொன்ன சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து நடத்தும் திட்டத்துக்கு அந்தக் கூட்டரசு விதிகள் கட்டாயமாகப் பொருந்துவதில்லை. எனவே மாணவர் சுகாதார அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது, ஏற்கெனவே இருக்கும் மனநோய்க்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா, மருத்துவமனையில் தங்கினால் நாள் வரம்பு ஏதும் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கிய திட்டத்தைக் காட்டி, பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து விலக்குக் கேட்பது மாணவர்களிடையே வழக்கம்; ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம் என்றும் சொல்வார்கள். மனநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, இரு திட்டங்களின் விலக்குப் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடாமல் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழக ஆலோசனை மையம் தரும் இலவச அமர்வுகள் நல்லவைதாம். ஆனால் அவை பெரும்பாலும் எண்ணிக்கையில் குறைவு, நீண்டகால நோய்க்கு அவை சிகிச்சை ஆகா.

இனிப் பணக் கணக்கு. பிரீமியம் என்பது நம் தோட்டங்களில் மரண சகாய நிதிக்கு மாதாமாதம் கட்டுவதைப் போன்றது. துன்பம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் மூன்று செலவுகள் உண்டு. காப்புறுதி நிறுவனம் தன் பங்கைக் கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை டிடக்டிபல். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கட்டும் நிலையான தொகை கோபே. பில்லில் இத்தனை விழுக்காடு நம்முடையது என்று வகுப்பது கோ-இன்ஷூரன்ஸ். இவை மூன்றும் சேர்ந்து ஓராண்டில் தாண்டக் கூடாத உச்சவரம்பு ஒன்று உண்டு. சட்டம் அனுமதிக்கும் மிகப் பெரிய அளவு தனிநபருக்கு 2025இல் 9,200 டாலர், 2026இல் 10,600 டாலர். ஒரு டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று வைத்தாலும் பின்னது 42,400 ரிங்கிட். பிரீமியமும், நெட்வொர்க்குக்கு, அதாவது காப்புறுதி நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவர்களின் வட்டத்துக்கு, வெளியே உள்ள மருத்துவருக்குக் கொடுப்பதும் இந்த வரம்பில் சேரா.

மனநோய்ச் சிகிச்சை ஒருநாள் அறுவை சிகிச்சைபோல முடிந்துவிடுவதன்று, மாதாமாதம் தொடர்வது. ஆகவே மலிவான பிரீமியம் இங்கே ஏமாற்றிவிடும். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்களில் பாருங்கள். ஒரு பிள்ளை மாதம் ஒருமுறை மனநல மருத்துவரையும் இரு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரையும் பார்க்கிறது. மருத்துவருக்கு 200 டாலர் வீதம் 12 முறை 2,400. ஆலோசகருக்கு 150 டாலர் வீதம் 26 முறை 3,900. மருந்துக்கு ஆண்டுக்கு 600. ஆக 6,900 டாலர். முதல் திட்டத்தின் பிரீமியம் மாதம் 250, டிடக்டிபல் 7,000. பிரீமியமாக ஆண்டுக்கு 3,000 கட்டிய பிறகும் 6,900 முழுவதையும் பிள்ளைதான் கட்ட வேண்டும். மொத்தம் 9,900 டாலர். இரண்டாம் திட்டத்தின் பிரீமியம் மாதம் 420. ஆனால் மருத்துவரிடம் போக டிடக்டிபல் இல்லை, ஒரு முறைக்கு 30 டாலர் கோபே, மருந்துக்கு மாதம் 20 டாலர். பிரீமியம் 5,040, 38 சந்திப்புகளுக்கு 1,140, மருந்துக்கு 240. மொத்தம் 6,420 டாலர். பார்வைக்கு விலை கூடிய திட்டம் 3,480 டாலர் குறைவாக முடிகிறது. உங்கள் பிள்ளையின் உண்மையான சிகிச்சை எண்ணிக்கையைப் போட்டு இதே கணக்கை ஒவ்வொரு திட்டத்துக்கும் எழுதிப் பார்த்து, மருத்துவமனையில் சேர நேரிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரீமியத்தோடு உச்சவரம்பைக் கூட்டி அருகில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது எண்ணைக் குடும்பத்தால் தாங்க முடியுமா என்பதே முக்கியமான கேள்வி.

இதற்கு வேண்டிய விவரங்கள் ‘பலன்கள் மற்றும் பாதுகாப்புச் சுருக்கம்’ என்ற ஒரே மாதிரியான படிவத்தில் இருக்கும்; சட்டத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு திட்டமும் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டது. அந்த அட்டவணையில் மனநலம், நடத்தைநலம், போதைப்பொருள் சிகிச்சை ஆகியவற்றுக்கென ஒரு பிரிவு உண்டு. அதில் வெளிநோயாளிச் சேவைக்கு ஒரு வரி, உள்நோயாளிச் சேவைக்கு ஒரு வரி. நெட்வொர்க்குக்குள், நெட்வொர்க்குக்கு வெளியே என்று இரண்டு கட்டங்களில் நம் பங்கு எழுதியிருக்கும். வலது ஓரத்தில் வரம்புகளைச் சொல்லும் கட்டத்தில், முன் அனுமதி (சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்தின் ஒப்புதல்) வேண்டும் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் வரும், அதை விட்டுவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் பிரசவம், நீரிழிவு, எலும்பு முறிவு ஆகிய மூன்றுக்கு மாதிரிச் செலவு போட்டுக் காட்டியிருப்பார்கள். மனநோய்க்கு அப்படி ஒரு மாதிரி அங்கே இல்லை. அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும்.

நெட்வொர்க் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல திட்டம் வைத்திருப்பவர்களும் இடறுவது இங்கேதான். அமெரிக்க மனநல மருத்துவர்களில் காப்புறுதியை ஏற்காமல் நேரடியாகப் பணம் வாங்குபவர்களின் பங்கு மற்றத் துறை மருத்துவர்களோடு ஒப்பிட்டால் மிகவும் அதிகம். 2009–10ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 55 விழுக்காட்டு மனநல மருத்துவர்களே தனியார் காப்புறுதியை ஏற்றனர், மற்ற மருத்துவர்களில் அது 89 விழுக்காடு. காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்த மருத்துவர் புதிய நோயாளியை எடுப்பார் என்று நம்ப முடியாது. பிள்ளை போகும் ஊரில் நான்கைந்து மருத்துவமனைகளுக்கு இங்கிருந்தே தொலைபேசியில் பேசி, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா, புதிய நோயாளிக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்குக்கு வெளியேயான பங்கு எவ்வளவு என்பதே உங்கள் உண்மையான செலவாகிவிடும்.

மருந்துக்கும் இதே கவனம் வேண்டும். நம் அரசாங்க மருந்தகம் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையில் ‘செக்காலி செஹாரி’ (நாளுக்கு ஒருமுறை), ‘வாக்து மாலாம்’ (இரவு நேரம்) என்று மலாயில் அச்சிட்டிருக்கும். அங்குள்ள மருத்துவருக்கு அது பயன்படாது. நோயின் பெயர், மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக்), அளவு, எவ்வளவு காலமாக எடுக்கிறார், முன்பு எந்த மருந்து பலன் தரவில்லை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பலன் தராத மருந்தைக் குறிப்பிடுவது அவசியம்: மலிவான மருந்தை முதலில் முயன்று தோற்ற பிறகே விலை கூடிய மருந்துக்குப் பணம் தருவோம் என்று பல திட்டங்கள் நிபந்தனை வைக்கின்றன, அந்தக் கடிதம் அதற்குச் சான்றாகும். செர்ட்ராலின், லித்தியம், ஓலன்சபின் முதலியவை பொதுப்பெயர் வடிவில் கிடைப்பதால் பெரும்பாலும் குறைந்த கட்டணப் படிநிலையில் இருக்கும். மாதம் ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசிகள் உயர்ந்த படியில், முன் அனுமதியோடு இருக்கும். திட்டத்தின் மருந்துப் பட்டியலில் பிள்ளையின் மருந்து எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயணத்தின்போது பொதுவாக 90 நாளைக்கு மேற்படாத மருந்தை, மருந்தகம் கொடுத்த உறையோடும் கடிதத்தோடும் கொண்டுபோகலாம்.

வேலைக்குச் செல்பவர்களுக்கு நிறுவனமே பிரீமியத்தின் பெரும்பகுதியைக் கட்டும். ஆனால் காப்புறுதி தொடங்க 90 நாள் வரை காத்திருக்க வைக்கச் சட்டம் இடம் தருவதால், எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை வேலை ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டும். வேலை போனால், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாயின், அதே திட்டத்தை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் முழுப் பிரீமியத்தையும் அதற்கு மேல் இரண்டு விழுக்காடு வரையும் தாமே கட்ட வேண்டும். இல்லையென்றால் 60 நாளுக்குள் அரசாங்கக் காப்புறுதிச் சந்தையில் தனிநபர் திட்டம் வாங்கலாம். அங்கே பிரீமியத்தைக் குறைக்கும் வரிச் சலுகை, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருப்பவர்களுக்குக் கிடையாது.

நோய் முற்றிப் பிள்ளை படிப்பை இடைநிறுத்த நேர்ந்தால் காப்புறுதியும் நின்றுபோகக்கூடும்; பல பல்கலைக்கழகங்களில் பருவத்தின் முதல் 31 நாள் வகுப்பில் இருந்தால்தான் திட்டம் தொடரும். மாறாக, மருத்துவக் காரணத்துக்காகப் பாடங்களைக் குறைத்துக்கொள்ள எஃப்-1 விதிகள் ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இடம் தருகின்றன. ஆனால் வகுப்பை விடுவதற்கு முன்பே பல்கலைக்கழக அதிகாரியின் அனுமதி வேண்டும். இன்னொன்றும் உண்டு. 18 வயதைக் கடந்தவரின் மருத்துவ விவரங்களைப் பெற்றோருக்குச் சொல்ல அமெரிக்க மருத்துவமனைகள் பொதுவாக மறுத்துவிடும். இங்கிருந்து நள்ளிரவில் அழைக்கும் தாய்க்கு, மகன் அங்கே இருக்கிறானா என்றுகூடப் பதில் கிடைக்காமல் போகலாம். பிள்ளை நலமாக இருக்கும்போதே, அவர் விருப்பத்தோடு, தகவல் பகிரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடச் சொல்லி, பில் தொடர்பாகப் பேசும் உரிமையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசர நிலையில் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. தற்கொலை எண்ணத்துக்கும் மனநல நெருக்கடிக்கும் உதவும் 988 என்ற அமெரிக்க எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு, காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும். 2022 முதல், காப்புறுதி உள்ளவரிடம் நெட்வொர்க்குக்கு வெளியேயுள்ள அவசரப் பிரிவு உள்நெட்வொர்க் பங்குக்கு மேல் பொதுவாக வசூலிக்க முடியாது. பில் வந்தவுடன் கட்டிவிடாமல், காப்புறுதி நிறுவனம் அனுப்பும் விளக்கத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் பணம் தர மறுத்தால் 180 நாளுக்குள் அதனிடமே மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளியாரின் மறுஆய்வைக் கேட்கலாம். லாப நோக்கற்ற மருத்துவமனையாயின், நிதி உதவி விண்ணப்பத்தை முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை அது ஏற்றாக வேண்டும். பில்லில் உள்ள எண்ணை அழைத்து அந்தப் படிவத்தைக் கேட்டாலே அனுப்புவார்கள்.