பழைய அமெரிக்கத் தங்கக் காசு: ஏலம் கேட்கும் முன் காசைப் பார்க்கும் விதம்

அமெரிக்கத் தங்கக் காசில் ஒரு டாலர் முதல் 20 டாலர் வரை பல அளவுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்கப் போனால் தலை சுற்றும். 20 டாலர் 'டபுள் ஈகிள்' மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் 1907 முதல் 1933 வரை அச்சான, செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி வடிவமைத்த வகையை. முன்பக்கம் தீப்பந்தம் ஏந்தி நடந்து வரும் பெண், பின்பக்கம் பறக்கும் கழுகு. காசு பெரியது, கண் சீக்கிரம் பழகும்.

1. எடை

33.436 கிராம், குறுக்களவு 34 மி.மீ. நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் 90 சதவீதம்தான் தங்கம், மீதி செம்பு. சுத்தத் தங்கம் 0.9675 அவுன்ஸ். அன்றைய அவுன்ஸ் விலையோடு இதைப் பெருக்கினால், காசை உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை வந்துவிடும்.

கிரேடு போடும் நிறுவனம் முத்திரையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காத காசு என்றால் இன்னொரு சோதனையும் செய்யலாம். தண்ணீர் டம்ளரை எடை மெஷினில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முக்குங்கள். சுமார் 1.94 கிராம் காட்ட வேண்டும். அப்புறம் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அசல் தங்கத்திலேயே அடித்த போலி இதில் தப்பிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. ஆண்டும் எழுத்தும்

ஆண்டுக்கு மேலே பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள், காசு அச்சான ஊரை அது சொல்லும். 'எஸ்' என்றால் சான் பிரான்சிஸ்கோ, 'டி' என்றால் டென்வர், ஒன்றும் இல்லையென்றால் பிலடெல்பியா. எழுத்தில்லாத 1927 தாராளமாகக் கிடைக்கும். அதே ஆண்டின் 'டி' காசு மில்லியன் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. டென்வரில் 1,80,000 அச்சடித்தும், அநேகமாக எல்லாம் உருக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்கள். லென்ஸில் எழுத்தின் அடியைச் சுற்றிப் பாருங்கள்.

3. கிரேடு

காசு எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான எண்தான் கிரேடு. அதற்கான ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. 60-ம் அதற்கு மேலும் 'எம்எஸ்': புழக்கத்துக்கே போகாதது. 50 முதல் 58 வரை 'ஏயூ': லேசாகக் கைபட்டது.

ட்யூப் லைட் உதவாது. ஒற்றை பல்பின் கீழே காசை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு சக்கரம் போலச் சுற்றிவர வேண்டும். பெண்ணின் மார்பு, முழங்கால், கழுகின் இறக்கை: மேடான இந்த இடங்களில் ஒளி அறுபட்டு மங்கினால் அது தேய்மானம். பளிச்சென்ற சின்ன வெட்டுகள் வேறு சங்கதி. சாக்கு மூட்டையில் காசோடு காசு மோதியதால் வந்தவை அவை, தேய்மானமாகக் கணக்கில்லை. வெட்டுகளின் எண்ணிக்கை கூடினால் கிரேடு எண் இறங்கும், அவ்வளவுதான்.

அதனால் அடிபட்ட எம்எஸ் 60-ஐவிட ஏயூ 58 பார்க்க லட்சணமாக இருப்பது சகஜம். அரிய ஆண்டென்றால் நான் 58-ஐத்தான் தேடுவேன். 1924 மாதிரி மலிவான ஆண்டில் 58-க்கும் 63-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அங்கே 63-ஐயே எடுங்கள்.

ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள். கிரேடு எண் கிடைக்காது. விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தால் சங்கிலிப் பதக்கமாகக் கழுத்தில் தொங்கிய காசு. செம்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், அதைப் போக்கவும் முயல வேண்டாம்.

4. ஏலம்

பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற கிரேடு போடும் நிறுவனங்களின் டப்பாவில் உள்ளதையே முதலில் வாங்குங்கள். டப்பாவுக்கும் போலி உண்டு. டப்பாவில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள்.

கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் சேரும். அது 20 சதவீதம், உங்கள் வரம்பு 3,600 டாலர் என்று வையுங்கள். 1.2-ஆல் வகுத்தால் 3,000. அங்கேயே நிறுத்த வேண்டும். தபால், காப்பீடு, சுங்கம் எல்லாம் இதில் சேரவில்லை.