வெளிநாட்டுப் பணம்: வடசென்னை வீடுகளில் நடக்கும் தவறுகள்

ராயபுரம், மண்ணடி பக்கம் கப்பலுக்கோ துபாய்க்கோ ஆள் போன வீடுகள் நிறைய. அங்கே நான் அதிகம் பயப்படுவது உண்டியலுக்குத்தான், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் பணம் கைமாறும் ஹவாலாவுக்கு.

அம்மா ஒரு பத்து ரூபாய் நோட்டைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புவார். அவன் அங்கே திர்ஹத்தைக் கொடுத்ததும் இங்கே பைக்கில் ஒருவர் வருவார். நோட்டின் எண்ணைச் சரிபார்த்து, அதை வாங்கிக்கொண்டு ரூபாய்க் கட்டை நீட்டுவார். ஐந்து நிமிஷ வேலை, வங்கியைவிட ரேட்டும் கொஞ்சம் கூட. ஆனால் ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 3-ஆவது பிரிவில் இதைத் தடுக்கிறது. அனுப்பியவன் மட்டுமல்ல, வாங்கிய அம்மாவும் மாட்டுவார். அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். "உழைச்ச காசுதானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளைக்கு வீடு வாங்கும்போது, பணம் எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வெயிலில் நின்று சம்பாதித்தது கணக்கில் வராத காசாகிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது, பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவது. வெளிநாட்டில் 182 நாள் ஆகட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அது வருமான வரிக்கான நாள் கணக்கு. ஃபெமாவைப் பொறுத்தவரை, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாலே நீங்கள் வெளியே வசிப்பவர். வங்கியில் சொல்லி அந்தப் பழைய கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளியே வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றுங்கள். சம்பளத்துக்குத் தனியாக என்ஆர்இ (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் ரூபாய்க் கணக்கு) திறந்துகொள்ளுங்கள். என்ஆர்இ பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம். என்ஆர்ஓவில் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்பும், வரிச் சான்று வாங்கும் அலைச்சலும் உண்டு.

பயணம் போய்வந்து மிச்ச டாலரை பீரோவில் வைப்பவர்களுக்கு: 2,000 டாலர் வரை சரி. அதற்கு மேற்பட்டதை, திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் உள்ள பணமாற்றுக் கடையிலோ கொடுத்துவிட வேண்டும். பர்மா பஜார் பக்கம் யாராவது கூப்பிட்டு நல்ல ரேட் சொன்னால், முதலில் உரிமத்தைக் கேளுங்கள், அப்புறம் ரசீதை.

இப்போது பையன்கள் போனில் ஃபாரெக்ஸ் டிரேடிங் (வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும்) ஆப்பைத் திறந்து வெளிநாட்டுக்கு மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கி தரும் சலுகைப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் அனுப்பலாமே என்று வாதம் வேறு. அந்தச் சலுகை இதற்குச் செல்லாது. அனுமதியில்லாத தளங்கள் பலவற்றின் பெயரை ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலாகவே தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு ஆப் அனுமதி பெற்றதாகிவிடாது.