கனம் தூக்கிவிட்டு எத்தனை நிமிடம் கழித்துக் குதிப்பது?

கனமான பார்பெல்லோடு மூன்று ஸ்குவாட் (குந்தி எழுவது) போட்டுவிட்டு உடனே எம்பிக் குதித்தால் வழக்கமான உயரம்கூட வராது. அதே ஆள் ஏழெட்டு நிமிடம் கழித்துக் குதித்தால் ஒரு சென்டிமீட்டர் கூடலாம். தூக்கிய கனம் தசையில் அசதியையும் விட்டுப்போகிறது, முடுக்கத்தையும், அதாவது கூடுதல் விசை தரும் ஒரு விழிப்பையும், விட்டுப்போகிறது. அசதி முதலில் வடியும், முடுக்கம் இன்னும் சற்று நேரம் நிற்கும். அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உங்களுடையதை நீங்களேதான் அளந்து பிடிக்க வேண்டும்.

தசை சுருங்கும்போது உள்ளே கால்சியம் வெளிப்படுகிறது. அது ஒரு நொதியை எழுப்ப, தசையைச் சுருக்கும் மையோசின் என்ற புரதத்தின் தலையை ஒட்டியுள்ள சிறு புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. அதன்பின் அதே அளவு கால்சியத்துக்குத் தசை கூடுதல் விசையோடு பதில் சொல்லும். வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் இது அதிகம். ஆனால் இந்த விளைவு அரை நிமிடத்திலேயே பாதியாகிவிடும், நாலைந்து நிமிடத்தில் பெரும்பாலும் போய்விடும். ஆறாவது, எட்டாவது நிமிடத்தில் வரும் பலனுக்குத் தசையின் சூடு, இழைகளுக்குள் ஏறும் நீர், நரம்பின் உந்துதல் ஆகியவையும் காரணம். உட்கார்ந்து காத்திருந்தால் பலன் கரைவதும் இதனால்தான்.

உடல் எடையைப் போல ஒன்றரை மடங்கை ஒழுங்காக ஸ்குவாட் செய்ய முடியாதவர்களுக்கு இது இப்போது வேண்டாம். அவர்களுக்கு அசதிதான் மிஞ்சும். முதலில் பலம் சேரட்டும்.

செய்முறை இதுதான். ஐந்து நிமிடம் மெல்லோட்டம், கால் வீச்சு, பாதி வேகத்தில் நாலு குதிப்பு. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் நீட்டல் கூடாது, அது விசையைச் சற்றுக் குறைக்கும். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்சம் 100 கிலோ என்றால், 40 கிலோவில் எட்டு, 60 கிலோவில் ஐந்து, பிறகு 80 அல்லது 85 கிலோவில் மூன்று. தொடை தரைக்கு இணையாக வருமுன் நின்றால் போதும். எழும் வேகம் குறைகிறது என்று தோன்றினால் அந்தத் தூக்கலோடு கம்பியை வைத்துவிடுங்கள். மூச்சுமுட்டத் தூக்குவது வேறு நாள் வேலை. பிறகு நடந்துகொண்டே காத்திருங்கள். பலம் மிக்கவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம், மற்றவர்களுக்கு எட்டு அல்லது பத்து.

அளப்பதற்குச் சுவரும் சாக்பீஸ் தூளும் போதும். நடுவிரல் நுனியில் தூளைத் தொட்டு, பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் பதிய, கையை முழுக்க நீட்டி ஒரு புள்ளி வையுங்கள். பிறகு குதித்து உச்சியில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே டேப் பிடித்தால் உங்கள் குதிப்பு. (செட்டிநாட்டுப் பெரிய வீட்டு முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் இதைச் செய்து ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம், மைதானத்துச் சுவரே போதும்.) முதல் நாள் கனம் இல்லாமல் முழு வார்ம்-அப் மட்டும் செய்து மூன்று குதிப்பு. அடுத்தடுத்த நாட்களில் கனத்துக்குப் பின் 4, 6, 8, 10 நிமிடம் என்று நாளுக்கு ஒரு காத்திருப்பு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்தால் முந்தின குதிப்பே அடுத்ததைக் கெடுக்கும் அல்லது தூக்கிவிடும்.

பலர் தவறுவது முதல் நாளில்தான். அன்று அரைகுறை வார்ம்-அப் செய்திருந்தால், பின்னால் தெரியும் உயர்வு கனத்தால் வந்ததல்ல, வெறும் சூட்டால் வந்தது. 50 செ.மீ. குதிப்பவருக்குக் கிடைக்கும் லாபம் 1 முதல் 1.5 செ.மீ. வரைதான். உங்கள் மூன்று குதிப்புகளுக்குள்ளேயே அத்தனை வித்தியாசம் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஒரே நேரம், ஒரே ஷூ, ஒவ்வொரு காத்திருப்பும் இரண்டு மூன்று முறை என்று திரும்பச் செய்யுங்கள்.

திருவிழாக் கபடி பெரும்பாலும் ராத்திரியில், ஊர்ப் பொட்டலில் நடக்கும். அங்கே பார்பெல்லுக்கு எங்கே போவது? தடித்த கயிற்றை நடுவில் மிதித்து, இரு முனையையும் ஒரு உருட்டுக் கட்டையில் கட்டி, அரைக் குந்தலில் நின்று, நகராத கட்டையை முழு பலத்தோடு மேலே இழுங்கள். மூன்று விநாடி, மூன்று முறை, இடையே அரை நிமிடம். அதுவும் முடியாவிட்டால் ஐந்து துள்ளல் குதிப்பு, பிறகு இரண்டு நிமிட ஓய்வு. துள்ளலில் அசதி குறைவு என்பதால் காத்திருப்பும் குறைவு. ஊர் இளவட்டங்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல்லை இதற்கு இழுக்காதீர்கள்: எத்தனை கிலோ என்று தெரியாது, தொடைக்கு முன் பிடியும் முதுகும் ஓய்ந்துவிடும். மார்கழி, தை இரவுகளில் காத்திருக்கும்போது மேலே போட்ட நீளக் கால்சட்டையைக் கழற்றாமல் நடங்கள். சித்திரை வெயிலில் மெல்லோட்டத்தைப் பாதியாக்கலாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இந்தக் கணக்கு எடுபடாது, மாடு எந்த நிமிடம் வரும் என்று யார் சொல்வது. நீளம் தாண்டுதலில் எடுபடும். ஆனால் பன்னிரண்டு பேர் களத்தில் இருந்தால், தலைக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் அடுத்த முறை வரப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். அதனால் கனமோ கயிறோ முதல் தாவலுக்கு மட்டும். பிறகு உங்கள் பெயருக்கு இரண்டு பேர் முன்னால் இருக்கும்போது எழுந்து மூன்று துள்ளல் போட்டுக்கொள்ளுங்கள்.