ஒன்டாரியோவில் கட்டட ஆய்வாளராக விரும்பும் சென்னைப் பொறியாளர்களுக்கு

சென்னையிலிருந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குக் குடியேறும் சிவில் பொறியாளர்கள், அங்கே நகராட்சியில் கட்டட ஆய்வாளர் வேலை கிடைக்குமா என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். அங்கு அந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், கிடைக்கும் என்றே சொல்கிறேன்.

முறையான படிகள் சுருக்கமானவை. 1992ஆம் ஆண்டின் கட்டட விதிச் சட்டப்படி ஆய்வாளரை நியமிப்பது நகராட்சி. தகுதித் தேர்வு மாகாண அரசின் பொறுப்பு. சட்டமும் நடைமுறையும் பற்றிய தேர்வை முதலிலும் வீடுகளுக்கான தேர்வை அடுத்தும் எழுதி, ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு பெற்றுப் பதிவு செய்துகொண்டால், பி.சி.ஐ.என். எனப்படும் அடையாள எண் கிடைக்கும். நம் பட்டத்தின் மதிப்பீட்டுச் சான்று விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்குமே ஒழிய, இந்தத் தேர்வுகளுக்கு ஈடாகாது. தேர்வுக்கு அடிப்படையான ஒன்டாரியோ கட்டட விதித்தொகுப்பின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய பதிப்பை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

நான் எச்சரிக்க விரும்புவது வேறொன்றைப் பற்றி. என் நண்பர் அம்பத்தூரிலும் போரூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியவர். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு, கட்டுவதைவிடச் சரிபார்ப்பதே தன் வேலை என்று உறுதி பூண்டவர். விசா வந்ததும், சென்னையிலேயே ஒரு முகவர் நடத்திய கூட்டத்துக்குச் சென்று, ‘கனடா ஆய்வாளர் பயிற்சி’ என்ற பெயரில் விற்கப்பட்ட வகுப்புக்குத் தம் சேமிப்பின் பெரும்பகுதியைக் கட்டினார். அங்கே போய்ச் சேர்ந்து சான்றிதழோடு நகராட்சியில் விண்ணப்பித்தபோதுதான், அது ஹோம் இன்ஸ்பெக்டர் பயிற்சி என்பது தெரிந்தது.

ஹோம் இன்ஸ்பெக்டர் என்பவர், வீடு வாங்குகிறவர் தம் செலவில் அமர்த்தும் தனியார் ஆள். கூரை ஒழுகுகிறதா, நிலவறையில் ஈரம் இருக்கிறதா, வெப்பமூட்டும் உலை வேலை செய்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பார். நேர்மையான தொழில்தான், ஆனால் விதியை மீறிய வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று 2017இல் ஒன்டாரியோ சட்டம் இயற்றியும், அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அந்தச் சான்றிதழ் பி.சி.ஐ.என். தேர்வுகளில் ஒன்றுக்குக்கூட மாற்றாகாது. பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்கு, வேலை நகராட்சியில் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே என்ற பதில் வந்தது. பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை இப்படிப் பறிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எனவே எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டும் முன், மாகாண அரசின் எந்தத் தேர்வுக்கு இது தயார்படுத்துகிறது என்று கேட்டு, தேர்வின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கான்கிரீட் ஊற்றும் முன் கம்பிகளின் இடைவெளியையும், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமான ‘கவரையும்’ கண்ணாலேயே கணிக்கும் நம் பொறியாளர்களின் திறமை எனக்கு எப்போதும் பெருமை தருவது. ஆனால் புதியவரைப் பெரும்பாலும் முதலில் அனுப்புவது மரச்சட்ட வீடுகளுக்கு. உறைபனி மண்ணைத் தூக்கிவிடும் என்பதால் டொரண்டோவில் அஸ்திவாரம் குறைந்தது 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும்; வெப்பக் காப்பும் நீராவித் தடுப்பும் சுவரை மூடும் முன்பே பார்க்கப்பட வேண்டும். அஸ்திவாரம், சட்டகம் போன்ற கட்டங்கள் தயார் என்று கட்டுபவர் அறிவித்தால், விடுமுறை நாட்கள் நீங்கலாக இரண்டு நாட்களுக்குள் ஆய்வாளர் போயாக வேண்டும். மின்கம்பி வேலை அவர் பொறுப்பன்று. அதற்குத் தனி ஆணையம் உண்டு.

ஒரு நாளில் பல இடங்களுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், வேலை விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமமும் வழக்கமாகக் கேட்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், உரிமம் முதலில் வழங்கப்பட்ட தேதியைக் காட்டும் சான்றைப் புறப்படும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய அனுபவத்தை அது நிரூபித்தால், ஒன்டாரியோவின் படிப்படியான உரிம முறையில் காத்திருக்கும் காலம் குறையும்.