முதல் வேலைக்கு ரெஸ்யூமே எழுதும் முறை: இறுதியாண்டு மாணவர்களுக்கு

இறுதியாண்டு தொடங்கியதும், ரெஸ்யூமேயைத் தயார் செய்து அனுப்புமாறு கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லிலிருந்து அறிவிப்பு வந்துவிடும். அன்றிரவே சீனியர் ஒருவருடைய கோப்பு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றத் தொடங்கும். பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றிக்கொண்டு, வகுப்பில் பாதிப் பேர் அதையே அனுப்பிவைப்பார்கள். தேர்வு செய்பவர் அறிய விரும்புவதோ, இந்த மாணவர் இதுவரை எதைச் செய்து முடித்திருக்கிறார், அது தம் நிறுவனத்தின் வேலைக்கு உதவுமா என்பதைத்தான். அதற்கு விடை தராத வரிகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை.

எனவே கணினியைத் திறக்கும் முன், பள்ளிக் காலம் தொட்டுச் செய்த எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், இன்பிளான்ட் டிரெயினிங், என்எஸ்எஸ் முகாம், துறை விழாவில் கணக்குப் பார்த்தது, மாலை நேர டியூஷன் என எதையும் விட வேண்டாம். இது யாருக்கும் அனுப்புவதற்கானதல்ல. ஒவ்வொரு வேலை அறிவிப்பையும் படித்துவிட்டு, அதற்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து ஒரு பக்கத்துக்குள் அமைப்பதற்கான கையிருப்பு. மென்பொருள் சோதனைப் பணிக்கும் விற்பனைப் பிரிவுப் பணிக்கும் ஒரே பக்கத்தை அனுப்பும் மாணவர், இரண்டு அறிவிப்புகளில் எதையும் படிக்கவில்லை என்பதைத் தாமே சொல்லிவிடுகிறார்.

பக்கத்தின் மேற்பகுதியில் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், ஊர் ஆகியவை போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரை ஒட்டி இருக்கட்டும். பள்ளி நாட்களில் விளையாட்டாக வைத்த பட்டப்பெயர் வேண்டாம். தந்தை பெயர், சாதி, மதம், திருமண நிலை, உயரம் என்று அடுக்கினால் அது வரன் தேடும் தகவல் மையத்தின் தாளைப் போலாகிவிடும். நிறுவனத்துக்கு அவற்றில் ஏதேனும் தேவையென்றால் தனிப் படிவத்தில் கேட்டுக்கொள்வார்கள். சவால் நிறைந்த சூழலில் என் திறமையை வளர்க்க விரும்புகிறேன் என்ற ரீதியிலான குறிக்கோள் வாசகத்தையும், மேற்கண்டவை யாவும் உண்மை என்று கடைசியில் கையெழுத்திடும் உறுதிமொழியையும் தயங்காமல் நீக்கலாம். குறிக்கோள் எழுதியே ஆக வேண்டுமென்றால், என்ன படிக்கிறீர்கள், எந்த வேலையை நாடுகிறீர்கள், அதற்கு உதவக்கூடிய எதைச் செய்திருக்கிறீர்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுங்கள்.

கல்வித் தகுதியில் இப்போதைய பட்டப்படிப்பு முதலிலும் பள்ளிப் படிப்பு பின்னரும் வர வேண்டும். சிஜிபிஏ (எல்லாப் பருவங்களுக்குமான சராசரித் தரப்புள்ளி) எழுதும்போது பத்துக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும் என்பது போன்ற வரம்பு வைக்கும் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவதால், பள்ளி மதிப்பெண்களையும் ஒற்றை வரியில் தருவது நல்லது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் டிப்ளமோவைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். அரியர் விஷயத்தில்தான் பலருக்கும் தடுமாற்றம். எழுதித் தேறிவிட்ட பழைய அரியரை யாரும் கேட்காதபோது ரெஸ்யூமேயில் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதைக் கேட்டால் மறைக்கவே கூடாது; பணியில் சேரும் நேரத்தில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது முரண்பாடு தெரிந்தால், கைக்கு வந்த வேலை உத்தரவே ரத்தாகக்கூடும்.

அனுபவம் இல்லாத மாணவருக்கு உண்மையில் கைகொடுப்பது புராஜெக்ட் பகுதி. அதைத்தான் பெரும்பாலோர் தலைப்போடு முடித்துவிடுகிறார்கள். முக அடையாளம் மூலம் வருகைப் பதிவு, பைத்தான், ஓபன்சிவி என்று தலைப்பையும் பயன்படுத்திய மென்பொருள்களின் பெயரையும் மட்டும் எழுதினால், இணையத்தில் கிடைக்கும் நிரலை அப்படியே இறக்கியவரும் இரவெல்லாம் விழித்துத் தாமே எழுதியவரும் தாளில் ஒன்றாகவே தெரிவார்கள். நான்கு பேர் குழுவில் உங்கள் பங்கு எது, எந்தச் சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள், முடிவில் என்ன கிடைத்தது என்ற நான்குக்கும் விடை இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘வகுப்பறை வெளிச்சம் குறைந்தபோது முகங்கள் பிடிபடவில்லை. படங்களின் ஒளியளவைச் சீராக்கும் பகுதியை நான் எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் இத்தனை பேரில் இத்தனை பேரைச் சரியாக அடையாளம் கண்டது’ என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி எங்கிருந்து வரும் என்பதை நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள். எண்ணிக்கை உண்மையாக அளந்ததாக இருக்கட்டும். அளக்கவில்லையென்றால் எண்ணே வேண்டாம்.

வணிகவியல் மாணவருக்கும் இதே கணக்குதான். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் என்ற வரி எதையும் சொல்வதில்லை. வாடிக்கையாளர்களின் கொள்முதல் பில்களை டேலி கணக்கு மென்பொருளில் பதிவு செய்தேன், அவற்றை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் அறிக்கை) ஒப்பிட்டு விடுபட்டவற்றைப் பட்டியலிட்டேன் என்ற வரியைக் கணக்குப் பிரிவு மேலாளர் பார்த்தால், வந்த முதல் வாரமே இவரிடம் வேலை கொடுக்கலாம் என்று புரிந்துகொள்வார்.

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது என்றாலும், இந்தப் பகுதியை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். நாம் கடன் வாங்கும் ஆங்கிலத் தொடர்களுக்குள், ஒன்றுமே செய்யாததைக் கூடப் பெரிதாகக் காட்டிவிடலாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொல்வது போல எழுதும்போது என்ன செய்தோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். பிறகு அதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளலாம்.

தீபாவளி நேரத்தில் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றதையும், அப்பாவின் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்ததையும், உணவு டெலிவரி செய்ததையும் பல மாணவர்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வாடிக்கையாளரோடு பேசத் தெரியும், பணத்தைக் கையாளத் தெரியும், படிப்போடு சேர்த்து உழைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. குறிப்பாக விற்பனை, வங்கி, வாடிக்கையாளர் சேவைப் பணிகளுக்கு இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

சான்றிதழ்களை எடை பார்த்துச் சேர்க்க வேண்டும். ஐஐடிகள் முதலியவை நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் பாடச் சான்றிதழுக்குத் தேர்வு மையத்துக்கே சென்று தேர்வு எழுத வேண்டியிருப்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு மணி நேர இணையக் கருத்தரங்கில் தலையைக் காட்டியதற்கு வந்த சான்றிதழுக்கு இல்லை. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் படித்தவர்கள், பாடத்தின் பெயரோடு அதில் என்ன செய்து பழகினார்கள் என்பதையும் சேர்க்கலாம். திறன்களை நட்சத்திரங்களாலும் பட்டைகளாலும் காட்டுவதைத் தவிருங்கள். ஐந்தில் நான்கு நட்சத்திர ஜாவா என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. எம்எஸ் ஆபீஸ் என்று எழுதுவதைவிட, எக்செலில் விலுக்அப் (VLOOKUP), பிவட் டேபிள் பயன்படுத்தத் தெரியும் என்று எழுதுவது தெளிவு.

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே வடிகட்டுவதுண்டு. பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரித்த வண்ண வடிவமைப்பையும் படமாகச் செருகிய எழுத்தையும் அது தவறாகப் படித்துவிடலாம் என்பதால், பக்கத்தைப் பிரிக்காத அமைப்பு, எளிய எழுத்துரு, தெளிவான தலைப்புகள் போதும். அறிவிப்பில் வரும் தொழில்நுட்பச் சொற்கள் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவையானால், அதே சொற்களை உங்கள் பக்கத்திலும் பயன்படுத்துங்கள். கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றி, உங்கள் பெயரையும் துறையையும் கோப்பின் பெயராக வையுங்கள்.

அனுப்பும் முன், உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் தாளை அரை நிமிடம் மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டு, இவர் எந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்று கேளுங்கள். அவர் விழித்தால் முதல் கால் பக்கத்தை மாற்றி எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியையும் காட்டி, இதைப் பற்றி விளக்குங்கள் என்று நண்பர் கேட்க, நீங்கள் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். பேச முடியாத வரியை அழித்துவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போகிறவர்கள் அச்சிட்ட பிரதிகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல நிறுவனங்களின் மேசைகளில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், நாடும் பணிக்கேற்ப இரண்டு வகையாக அச்சிட்டுத் தனித்தனி உறைகளில் எடுத்துச் செல்வது வசதி.